டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் மருந்தாளுநராக இருக்கிறேன். டாக்டர் தமிழ் பேசுகிறார், நோயாளியும் தமிழ் பேசுகிறார், இருவருக்கும் நடுவில் இருக்கும் காகிதங்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சீட்டு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒப்புதல் படிவம், மாத்திரை அட்டை எல்லாம் அப்படித்தான். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதைக் கடையில் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ இதைச் சான்றாக வைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

தம்பி, சீட்டில் 1-0-1 என்று போட்டிருக்கிறதே, நடுவில் பூஜ்யம் எதற்கு?

காலை, மதியம், இரவு என்பதுதான் வரிசை. 1-0-1 என்றால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மதியம் கிடையாது. 0-0-1 என்றால் இரவு மட்டும். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைப் போடும் டாக்டர்களும் உண்டு. ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது.

கண் டாக்டர் சீட்டில் இதே ஓ.டி.க்கு வேறு பொருள் வரலாம். அங்கே ஓ.டி. வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டு கண்ணும். சொட்டு மருந்து வாங்கினால் எந்தக் கண், எத்தனை வேளை என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு ஆபத்தான நிலையா?

இல்லை. தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள்ள வேண்டிய மாத்திரை அது. காய்ச்சல் இல்லாத நாளிலும் காய்ச்சல் மாத்திரையைத் தவறாமல் விழுங்கியவர்களும், கப்பலில் அனுப்பும் அபாயச் செய்தி என்று பயந்து ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இந்த எழுத்துகளைக் கண்டால் மூன்று விஷயம் கேளுங்கள். எப்போது தேவை, இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை. பாராசிட்டமால் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வளர்ந்தவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; கல்லீரல் கெடும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் போடுகிறவர் ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குகிறார்.

சாப்பாட்டுக்கு முன், பின் என்பதில் என்ன வந்துவிடப் போகிறது? எப்படியும் வயிற்றுக்குள்தானே போகிறது?

பல மாத்திரைகளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லைதான். சிலவற்றுக்கு உண்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபியோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் சேர்வது குறைந்துபோகிறது. பிறகு ரத்தப் பரிசோதனையில் அளவு சரியில்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டுவார். வலி மாத்திரைகள் பலவும் வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். அவை சாப்பாட்டுக்குப் பின்.

மாத்திரை பெரியதாக இருக்கிறது. உடைத்து விழுங்கலாமா?

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் பொடித்தோ மென்றோ விழுங்கக் கூடாது. நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். மற்றவற்றைக் கேட்டுவிட்டு உடைக்கலாம்.

வாரம் ஒரு மாத்திரை என்கிறார்கள். தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்திப் பதில் சொல்வது வழக்கம். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் உற்பத்தியாவது நின்று உயிரே போகலாம். போயும் இருக்கிறது. மற்ற மாத்திரைகளைப் போலத்தான் இதுவும் சின்னதாக, மஞ்சளாக, சாதுவாக இருக்கும்.

இதை விற்கும்போது அட்டையின் பின்புறம் ‘ஞாயிறு மட்டும்’ என்று மார்க்கர் பேனாவால் எழுதித் தருகிறேன். உங்கள் கடைக்காரர் எழுதவில்லை என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்பதோடு கிழமையின் பெயரையும் போட்டுத் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி கேப்ஸ்யூலும் வழக்கமாக வாரம் ஒன்றுதான். அதைச் சத்து மாத்திரை என்று நினைத்துத் தினமும் போடுகிறவர்கள் ஏராளம்.

பிள்ளைக்குக் காய்ச்சல். போன தடவை 5 மில்லி கொடுத்தேன், இப்போதும் அதே கொடுக்கலாமா?

போன தடவை வாங்கிய அதே பாட்டிலா என்று முதலில் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து ஊற்றினால் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போகிறது, அதாவது 120 சிரப்பில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். டாக்டர் எத்தனை மில்லி என்று சொன்னாலும், எந்த பாட்டிலில் என்று கேட்காமல் எழுந்துவராதீர்கள்.

சமையலறைக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடி, சொட்டுக்குழாய் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

உப்புக்கரைசல் பாக்கெட்டை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம் அல்லவா?

கூடாது. அரசு மருத்துவமனையில் தரும் பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கானது. முழுவதையும் ஒரே தடவையில் கலக்கி 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் விற்கிறது, ஆகவே பாக்கெட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். தண்ணீர் குறைந்து உப்பு மிஞ்சினால் குழந்தைக்குக் கெடுதல். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற சர்க்கரைப் பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்கு முன் எத்தனை தாய்மார்கள் வயிற்றுப்போக்குக்கு அந்த டப்பாவை வாங்கிப்போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இன்சுலின் ஊசிக்கு எந்த சிரிஞ்சாக இருந்தால் என்ன?

இந்தியாவில் இன்சுலின் பாட்டில் இரண்டு வலிமைகளில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுவார்கள். 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பாட்டிலில் 40 இருந்தால் சிரிஞ்சிலும் 40, பாட்டிலில் 100 இருந்தால் சிரிஞ்சிலும் 100. பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஊசி போடுங்கள். கடை மாறி வாங்கும் நாளில் கட்டாயம் பாருங்கள்.

டாக்டர் எழுதியது ஒரு பெயர், நீங்கள் கொடுப்பது வேறு பெயர். மாற்றிக் கொடுக்கிறீர்களா?

நியாயமான சந்தேகம், கேட்டே ஆக வேண்டியது. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. கம்பெனிப் பெயர் தவிர மருந்தின் உண்மையான பெயரும் (பொதுப்பெயர் என்பது இதுதான்) அளவும் அட்டையில் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று என்னை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றால் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016லேயே மருத்துவர்களுக்கான நெறிமுறையைத் திருத்தினார்கள். கையெழுத்துகள் பெரும்பாலும் திருந்தவில்லை.

மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கும்போதும் இதே முறைதான். அங்கே பெரும்பாலும் பொதுப்பெயர் மருந்துகளே கிடைக்கும் என்பதால் டாக்டர் எழுதிய கம்பெனிப் பெயர் அட்டையில் இல்லாமல் போகலாம். அம்மா ஒரு கடையில் ஒரு பெயரிலும் அப்பா இன்னொரு கடையில் வேறு பெயரிலும் ஒரே நோயாளிக்கு வாங்கிவந்து, இரண்டையும் கொடுத்துவிடும் வீடுகள் உண்டு. பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே இரட்டிப்பு இங்கே ரத்த அழுத்த மாத்திரையில் நடக்கும்.

அட்டையில் சிவப்புக் கோடு எதற்கு? 05/2027 என்றால் மே ஒன்றாம் தேதியோடு முடிந்துவிடுமா?

சிவப்புக் கோடு போட்டது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக்குகளைத் தானாக வாங்கிப் போடாதீர்கள் என்று சொல்லவே 2016இல் மத்திய அரசு இந்தக் கோட்டை விளம்பரப்படுத்தியது. காலாவதி மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். மாத்திரையை வெட்டித் தரும்போது தேதி உள்ள பகுதி உங்களிடம் வராமல் போகலாம். தேதியைக் கவரில் எழுதச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. மோசமா?

கிருமியோ நோயோ இருக்கிறதா என்று தேடும் பரிசோதனையில் நெகட்டிவ் என்றால் தேடியது அகப்படவில்லை என்று பொருள், அநேகமாக நல்ல செய்தி. நான்-ரியாக்டிவ் என்பதும் அதுவே. பாசிட்டிவ் என்றதும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். நெகட்டிவ் என்று வந்தும் காய்ச்சலோ இருமலோ விடவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். மிக ஆரம்பத்தில் எடுத்த பரிசோதனையில் நோய் சிக்காமல் தப்பலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட் என்றால் மேலே உள்ள பக்கம் பக்கமான வர்ணனையைப் படித்து மிரள வேண்டாம். கடைசியில் இம்ப்ரெஷன் என்ற தலைப்பில் இரண்டு மூன்று வரி இருக்கும். அதைக் காட்டி, “இதில் எனக்கு உடனே செய்ய வேண்டியது எது?” என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு சர்க்கரை 7 தானாம். எனக்கு 126 என்கிறார்கள். எனக்குத்தான் இவ்வளவு அதிகமா?

இருவருக்கும் ஒரே அளவு. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியாவில் மில்லிமோலில் சொல்கிறார்கள், நாம் மில்லிகிராமில் சொல்கிறோம். அவர்கள் எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் எண் வரும். வெறும் வயிற்றில் 7, அதாவது 126, சர்க்கரை நோய்க்கான வரம்பு. ஆகவே மகனையும் சும்மா இருக்க விடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனையில் இது தலைகீழாகப் பயமுறுத்தும். அங்கே 90 என்று வருவது இங்கே ஏறக்குறைய 1தான்.

டாக்டர் இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார். அதற்குள் என்ன சொல்வது?

நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். “வாய்வு பிடித்துக்கொண்டது” என்றால் வாய்வு மாத்திரையோடு திரும்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. “மாடி ஏறும்போது நடு நெஞ்சில் அழுத்துகிறது, இடது கைக்குப் பரவுகிறது, வியர்க்கிறது, நின்றால் விடுகிறது” என்றால் எந்த டாக்டரும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். ஓய்வில் இருக்கும்போதே அப்படி அழுத்தினால் சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். “மயக்கமாக வருகிறது” என்பதிலும் இந்தச் சிக்கல் உண்டு. சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, விழுந்தே விட்டீர்களா, குமட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

எப்போது தொடங்கியது, இப்போது என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, நாட்டு மருந்து ஏதாவது உண்டா. இவற்றை வீட்டிலேயே ஒரு தாளில் தமிழில் எழுதிவையுங்கள். பழைய அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே கொண்டுபோவது எல்லாவற்றையும்விட நல்லது. வெளியே வருவதற்கு முன், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள் டாக்டர்” என்று திருப்பிச் சொல்லிவிடுங்கள். அரை நிமிடம் ஆகும். தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கேட்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

எனக்கு ஒன்றும் தெரியாது, மகன்தான் டாக்டரிடம் பேசுவான். அது போதாதா?

கூட ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் வெள்ளைப்படுதலையும் மூல நோயையும் மகன் முன்னால் எந்த அம்மா சொல்வார்? மகனுக்குத் தெரியாதது டாக்டருக்கும் தெரியாமல் போகிறது. பெண் உறவினர் ஒருவரை அழைத்துப்போங்கள், அல்லது சில நிமிடம் டாக்டரோடோ நர்ஸோடோ தனியே பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை, ஆங்கிலம் படிக்கிறான் என்பதற்காக, இந்த வேலைக்கு இழுக்காதீர்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் இருப்பதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லலாமா?

கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இது. காகிதம் ஆங்கிலத்தில் இருப்பது இங்கே குடும்பத்துக்கு வசதியாகிவிடுகிறது. சிகிச்சை அவர் உடம்பில்தான் நடக்கப் போகிறது. முடி கொட்டும்போதும் வாந்தி வரும்போதும் அவருக்குத் தெரியாமலா போகும்? எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே டாக்டர் கேட்கட்டும். “எல்லாம் மகன் பார்த்துக்கொள்வான்” என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு. அவர் விவரம் கேட்டால் மறைப்பது சரியல்ல என்பது என் கருத்து. என்னோடு ஒத்துப்போகாத குடும்பங்கள் நிறைய உண்டு.

ஆபரேஷனுக்கு முன் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டுவிட்டால் எது செய்தாலும் கேட்க முடியாதா?

கேட்க முடியும். 2008இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கு அது. சோதனைக்குத் தந்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது, உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டியது மட்டுமே விலக்கு என்றது நீதிமன்றம். என்ன செய்யப் போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கிய பிறகு வாங்குவதுதான் சம்மதம்.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசன வரைவிலும், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்று இருக்கிறது. படிவத்தை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்ப் படிவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் அலமாரிக்குள் இருக்கிறது, கேட்டால்தான் வெளியே வரும். பிறகு காகிதங்களின் நகல் வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை.

செல்போனில் போட்டோ எடுத்தால் தமிழில் வருகிறதே, அதை நம்பலாமா?

அச்சடித்த பெட்டியை, துண்டுச்சீட்டைப் படிக்க உதவும். டாக்டரின் கையெழுத்தைக் காட்டாதீர்கள், மருந்தின் பெயரையே வேறொன்றாகப் படித்துவிடும். ‘கூடாது’ என்ற சொல் எங்கோ உதிர்ந்துபோய், செய்யக் கூடாததைச் செய்யச் சொல்லும் மொழிபெயர்ப்புகளையும் பார்த்திருக்கிறேன். எண், வேளை, ‘கூடாது’ இந்த மூன்றையும் ஓர் ஆளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மில்லில் ஒடிசா, பீகார் பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

இங்கே ஆங்கிலத்தோடு தமிழும் சேர்ந்து சுவராகிவிடுகிறது. கவரில் சூரியன், உச்சி வெயில், நிலா என்று வரைந்து, கீழே அத்தனை மாத்திரைக்கும் கோடு போடுகிறேன். ஊரிலிருக்கும் அவர்கள் அண்ணனையோ, தமிழும் தெரிந்த நண்பரையோ போனில் பிடித்து ஸ்பீக்கரில் பேசுவோம். பிறகு பையனையே செய்து காட்டச் சொல்வேன். சில சமயம் மூன்று வேளை மாத்திரையையும் ஒரே கையில் அள்ளிக் காட்டுவான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

மேஸ்திரியை மொழிபெயர்க்க வைப்பதை நான் விரும்புவதில்லை. காசநோய் என்று அவருக்குத் தெரிந்தால் பையனின் வேலை போய்விடக்கூடும். அந்தப் பயத்திலேயே அவன் இருமலை மறைப்பான்.

லண்டனில் மகள் பிரசவத்துக்குப் போகிறேன். எனக்கு உடம்புக்கு வந்தால் அங்கே தமிழில் பேச முடியுமா?

பிரிட்டனின் பொது மருத்துவ சேவையில் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் இல்லை. முன்பதிவு செய்யும்போதே தமிழ் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பு இலவசம் என்பதால் சிகிச்சையும் இலவசம் என்று எண்ண வேண்டாம். பயணியாகப் போகிறவர்கள் பல சிகிச்சைகளுக்குப் பணம் கட்ட வேண்டிவரும், ஆகவே பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் இரவு பகல் எந்நேரமும் கிடைப்பார், தமிழும் உண்டு. அமெரிக்காவில், அவசர நிலை தவிர, சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நம்பியிருக்கக் கூடாது என்று மருத்துவமனைகளுக்கு விதியே இருக்கிறது.

நீங்கள் போடும் மாத்திரைகளின் பொதுப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் டைப் செய்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள். கம்பெனிப் பெயர் அங்கே உள்ள மருந்தாளுநருக்குத் தெரியாது. சர்க்கரை அளவை அவர்கள் கணக்கில் சொல்ல, நம் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும்.